வாசற்படிக்கு விழுந்த ஓட்டு

எங்கள் வார்டில் நான் கவுன்சிலராக ஜெயித்த அன்று தெருமுக்கில் வெடி போட்டார்கள். கழுத்தில் மாலை, வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கிய குங்குமம், கும்பிட்டுக் கும்பிட்டு வலித்த கை என்று நான் வீடு வீடாக நன்றி சொல்லிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வார்த்தைதான் வந்தது. "தோக்கடிச்சாச்சுல்ல!" பழைய கவுன்சிலரைத் தோற்கடித்தாயிற்று என்று அர்த்தம். நீ ஜெயித்துவிட்டாய் என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. ஏழெட்டு வீடு தாண்டிய பிறகுதான் உறைத்தது. அன்று பிடித்த அரிப்பு இன்னும் விடவில்லை.

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பேரூராட்சி எங்களுடையது. நான் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். வீட்டுக்காரர் கம்பத்தில் ஒரு திராட்சைக் கமிஷன் கடையில் வேலை பார்க்கிறார். டிவியில் செய்தி வந்தால் சேனலை மாற்றுகிற குடும்பம். அப்படிப்பட்டவள் எப்படிக் கவுன்சிலரானேன் என்றால், அதற்கு எங்கள் தெருவின் சாக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தெரு மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். மேட்டிலிருந்து வருகிற மழைத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் பள்ளத்தைத் தாண்டி வாய்க்காலுக்குப் போக வேண்டும். போகவிடாமல் தடுத்தவை எங்கள் வாசற்படிகள். ஆளுக்கு ஒரு அடி, இரண்டு அடி என்று சாக்கடைக்கு மேலேயே படி கட்டினோம். படிமேல் டைல்ஸ் ஒட்டினோம். வண்டி ஏற்றச் சரிவும் போட்டோம். கடைசியில் சாக்கடை எங்கே ஓடுகிறது என்பது கொசுவுக்கு மட்டும்தான் தெரியும் என்றாகிவிட்டது.

பழைய கவுன்சிலர் இதைச் சரிசெய்யக் கிளம்பினார். ஒரு நாள் காலை டேப்பும் இரண்டு ஆட்களுமாக வந்து, தெரு நெடுக அளந்து, இடிக்க வேண்டிய படிகளில் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டுக்கொண்டே போனார். நான் மிஷினை விட்டு எழுந்து ஓடினேன்.

"யாரக் கேட்டுக் கோடு போட்டீக?" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நீ போயி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வையி. இதெல்லாம் ஒனக்குப் புரியாது."

கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைத் தேர்தலில் நிற்க வைத்தது. நோட்டீஸில் மக்கள் சேவை என்று அச்சடித்தோம். சுத்தப் பொய். அந்தக் கொக்கிதான் காரணம். அவர் மூக்கு உடைய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. தெருவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. "நீயே நில்லு, நாங்க இருக்கோம்" என்று ஏற்றிவிட்டார்கள். சுயேச்சையாக நின்றேன். ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் எல்லாம், "ஒங்க படியில ஒத்தக் கல்ல அசைய விடமாட்டேன்" என்றேன். அப்படி நான் சொல்லவே இல்லை என்று பின்னால் நானே நம்பப் பார்த்திருக்கிறேன். ஆனால் சொன்னேன், வீட்டுக்கு வீடு சொன்னேன்.

ஜெயித்த பிறகு என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அளவு கொடுக்க வருகிற பெண்களிடமெல்லாம் கேட்டேன். "எனக்கு எதுக்குப் போட்டீக?" ஒருத்தி, "அந்த ஆளு மொகத்துல இன்னும் அஞ்சு வருசம் முழிக்க முடியுமா?" என்றாள். இன்னொருத்தி சிரித்துக்கொண்டே, "அவருக்கு எதுத்தாப்ல ஒந் தையல் மிஷின நிறுத்தியிருந்தாலும் குத்தியிருப்போம்" என்றாள். கேலிதான். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் மாற்றி வைத்துத் தைத்து, மறுபடி பிரித்தேன்.

வீட்டுக்காரருக்கு எரிச்சல். "ஜெயிச்சாச்சுல்ல, பெறகு என்ன? விழுந்த ஓட்டுல காரணம் எழுதியா இருக்கு? பேசாம இரு."

பேசாமல் இருக்க முடிந்தால் நான் ஏன் தேர்தலில் நிற்கப் போகிறேன்.

தெருமுக்கில் ஒரு அக்கா இட்லி விற்றுக்கொண்டிருந்தார். அவர் வீட்டுப் படி எங்கள் தெருவிலேயே அகலமானது. அடுப்பு, இட்லிக் கொப்பரை, சட்னி வாளி, சாப்பிடுகிறவர்கள் உட்கார ஒரு பலகை எல்லாம் அந்தப் படியிலேயே. கேரளாவில் உள்ள ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகிற ஜீப்புகள் காலையில் அந்த முக்கில்தான் வந்து நிற்கும். வேலைக்குப் போகிற பெண்கள் அங்கேயே இரண்டு இட்லி தின்றுவிட்டு, தூக்குவாளியில் நாலு வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். அக்காவின் வீட்டுக்காரர் இறந்த பிறகு, இரண்டு பிள்ளைகளும் படித்தது அந்தப் படியை வைத்துத்தான்.

ஒரு நாள் இட்லி வாங்கப் போனபோது அவரிடமும் கேட்டேன்.

"ஒனக்குத்தான் போட்டேன்" என்றார்.

"அவரு மேல ஒங்களுக்கு என்னக்கா கோவம்?"

"அவரு மேல எனக்கென்ன கோவம்? போன வாட்டி அவருக்குத்தான போட்டேன். ரேஷன் கார்டுல மக பேரு விட்டுப்போனப்ப அலஞ்சு சேத்துக் குடுத்தாக. நல்ல மனுசர்தான்."

"அப்பறம் எனக்கு எதுக்கு?"

அக்கா துணியில் தண்ணீர் தெளித்து இட்லியை எடுத்துக்கொண்டே சொன்னார். "போன தீவாளிக்கு எனக்கு ஜாக்கெட்டு தச்சியே, தோளு இறுக்கமாப் போச்சு. நான் வாயத் தொறக்கு முன்ன நீயே எந் தப்புத்தேன்னு சொல்லிப் பிரிச்சுத் தச்ச. தப்ப ஒத்துக்கிற ஆளு ஒருத்தி ஆபீஸுல இருந்தா நல்லதுன்னு தோணுச்சு. அம்புட்டுத்தேன் ஆத்தா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வார்டு முழுக்கத் தேடி, எனக்கென்றே விழுந்த ஓட்டு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். அன்று முழுவதும் பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் பள்ளக் கோடியிலிருந்து ராவுத்தர் போன் செய்தார். உத்தமபாளையத்தில் துணிக்கடை வைத்திருந்து, அதை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். அவர் மனைவி இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார். நான் போனபோது வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேல் சாக்கடை நின்றது. கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். அந்த நாற்றத்தில் ஒரு மனுஷி அசைய முடியாமல் படுத்திருந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் தண்ணீரில் நின்றேன்.

ராவுத்தர்தான் பேசினார். "ஒன்னயச் சொல்லிக் குத்தமில்ல தாயி. எம் படியிலயும்தேன் செவப்புக் கோடு போட்டாக. அந்தக் கோவத்துல நானும் ஒனக்குத்தேன் போட்டேன்."

கட்டிலிலிருந்து அவர் மனைவி சொன்னார். "நல்லாப் போட்டீக ஓட்டு."

எதிரிக்குச் சகுனத்தடையாக வேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதையை நான் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்று அறுபட்ட மூக்கு தெருவினுடையது. கத்தியைக் கையில் வைத்திருந்தவள் நான்.

மறுநாள் பேரூராட்சி ஆபீஸுக்குப் போனேன். இன்ஜினியர் பழைய பிளானை எடுத்து விரித்தார். வேறு வழி இருக்கிறதா என்று எத்தனை விதமாகக் கேட்டாலும், அவர் விரல் அதே கோட்டில்தான் போயிற்று. படிகள் போகாமல் சாக்கடை வராது. பிறகு அதே பிளானுக்கு ஆதரவாகத்தான் நானும் பேரூராட்சிக் கூட்டத்தில் பேசினேன், கையெழுத்துப் போட்டேன். பழைய கவுன்சிலர் சொன்னது சரி. அவர் சொன்ன விதம் தப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு தேர்தலும் ஒரு மழையும் தேவைப்பட்டன.

செய்தி தெருவுக்கு வந்த அன்றே பழைய கவுன்சிலர் மொபெட்டில் வீடு வீடாகப் போனார். படிகளைக் காப்பாற்ற ஒரு மனு எழுதி, அதில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அவர் தோற்றதற்கு வெடி போட்டவர்கள் அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். நான் வழியில் மறித்தேன்.

"அண்ணே, இது நீங்க போட்ட பிளான்."

"ஆமா."

"தண்ணி போகணுமா, வேண்டாமா?"

"போகணும்" என்றார், வண்டியிலிருந்து இறங்காமலே. "ஆனா நீ சொல்லிப் போகக் கூடாது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் நோட்டீஸில் அச்சடிக்காமல் விட்ட என் கொள்கையை அவர் வாயால் கேட்டது போல இருந்தது.

என் வீட்டுப் படியை நானே முதலில் இடித்தேன். தெரு கூசும் என்று நினைத்தேன். "அவ வீட்டுப் படி ரெண்டு கல்லு. போனா என்ன?" என்று பேசிக்கொண்டார்கள். வேலைக்கு உத்தரவு வந்தது. கான்டிராக்டர் வந்து பார்த்துவிட்டு, பொக்லைன் வண்டி தெருவுக்குள் திரும்ப வேண்டும் என்றால் முக்கில் இருக்கும் படி முழுதாகப் போக வேண்டும், அதுதான் முதலில் என்றார். இட்லி அக்காவின் படி.

இரண்டு நாள் அந்த முக்குப் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன். மூன்றாம் நாள் போனேன். ஜீப் கிளம்பிப் போகும் வரை காத்திருந்தேன்.

"அக்கா, படி போகணும்."

"எம்புட்டு?"

"முழுசும். வண்டி திரும்பணும்."

அக்கா சட்னி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒத்தக் கல்ல அசைய விடமாட்டேன்னு இங்கன நின்னுதான சொன்ன?"

"சொன்னேன்க்கா. எந் தப்புத்தேன்."

"பிரிச்சுத் தைக்க இது ஜாக்கெட்டா?"

என் வீட்டு வாசலில் அடுப்பைப் போடச் சொன்னேன். "ஜீப்பு இங்கன வந்து நிக்கிது. ஒன் வீட்டு வாசல்லயா நிக்கிது?" என்றார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இடம் பார்த்துத் தருகிறேன் என்றேன். அக்கா அடுத்த பாத்திரத்தைக் கழுவ எடுத்தார். எனக்கு எதிராக அவர் கையெழுத்தும் போடவில்லை. மனு வந்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. போட்டிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பொக்லைன் வந்த அன்று அக்கா அடுப்பையும் பலகையையும் முன்னமே உள்ளே எடுத்து வைத்திருந்தார். கதவு சாத்தியிருந்தது. ஒரு பெரிய படி போவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த மழையில் தண்ணீர் ஓடிற்று. நான் குடையோடு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ராவுத்தர் வீட்டுத் தரை காய்ந்து கிடந்தது. அவர் மனைவி கட்டிலில் சாய்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். ராவுத்தர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். "இந்த வாட்டி மழ கம்மிதேன்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் அக்காவுக்கு இடம் அமைந்தது. அங்கே ஏற்கெனவே மூன்று இட்லிக் கடை. அக்கா ஒரு மாதம் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். எனக்கு அது தெரியாது. கல்யாண சீசன், இடுப்பு நிமிர நேரமில்லாமல் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை தெருவிளக்கு எரியவில்லை என்று யாரோ சொன்னதால் முக்குக்குப் போனேன். ஜீப் நின்றுகொண்டிருந்தது. பின்னால் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மடியில் தூக்குவாளியோடு அக்கா இருந்தார். அந்த ஜீப்பில் போகிறவர்களுக்கு அத்தனை வருஷம் இட்லி போட்டவர், இப்போது அதே ஜீப்பில் ஏலக்காய் பறிக்கப் போகிறார்.

"அக்கா, நீங்க எங்கன…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

அக்கா என்னை நிதானமாகப் பார்த்தார். குரலில் சூடே இல்லை. "அடுத்த வாட்டி அவருக்குத்தேன் போடுவேன் ஆத்தா. அவரு ஏதோ செஞ்சு கிழிப்பாருன்னு இல்ல. நீ வந்துறக் கூடாதுன்னு."

ஜீப்பில் இருந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் வண்டியை எடுத்தார். கேரளாவுக்கு ஏறுகிற கம்பம்மெட்டுப் பக்கம் ஜீப் திரும்பி மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வார்டில் ஆள் பார்த்து ஓட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான். இனி அவரும் எங்கள் எல்லோரையும் போலத்தான் போடுவார். அவரை அப்படி ஆக்கியவள் நான்.