ஏழு மாதம் தீராத டப்பா

ஸ்ரீவராகம் தெருவில் சேஷன் என்ற சர்க்கார் குமாஸ்தாவின் வீட்டிலிருந்து எனக்கு ஏழு ரூபாய் வரவேண்டியிருந்தது. அவருடைய குழந்தை தின்ற மாவுக்கு. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்பதில், யுத்தத்துக்கு ஐந்தாறு வருஷம் முன்னால் நடந்த காரியம் இது. அன்றைக்கு ஏழு ரூபாய் இருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் என் அடுப்பு எரியும். இன்றைக்கு அது என் கடையில் மத்தியானத்துக்குள் நடக்கிற வியாபாரம். அதையும் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் முத்தாரம்மாள். ஊர் நாஞ்சில் நாட்டில் பூதப்பாண்டிப் பக்கம். படிப்பு இரண்டாம் வகுப்பு, அதுவும் பாதி. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எனக்குச் சொந்தமாக ஒரு மாடிக் கட்டடம் இருக்கிறது. மேலே ஒரு பி.ஏ., பி.எல். குடியிருக்கிறார். ஒன்றாம் தேதி வாடகையை நின்றுகொண்டுதான் தருவார். உட்காரச் சொல்லியிருக்கிறேன், அவருக்குத்தான் மனசு வரவில்லை.

என் புருஷன் தாணுமாலயன் சாலையில் மூட்டை சுமந்தார். ஒரு ஆடி மாதத்துக் காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு மிஞ்சியது ஒரு உரல், ஒரு உலக்கை, கைக்குழந்தை ஆறுமுகநயினார். பாலுக்கு வழியில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரி கொடுத்த கண்ணன் வாழைக்காயைத் தோல் சீவி, வட்டம் வட்டமாக அரிந்து, ஓலைப்பாயில் காயப்போட்டு, இடித்து, மல்துணியில் சலித்தேன். அதைக் கருப்பட்டி போட்டுக் கூழாகக் குறுக்கிக் கொடுத்தேன். பிள்ளை கன்னம் வைத்தான். தண்ணீர் எடுக்க வந்தவர்கள் எல்லாம் அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார்கள். என் வியாபாரம் அப்படி ஆரம்பித்தது. கடன் வாங்கவில்லை, யாரும் கை தூக்கி விடவில்லை.

பிறகு கோட்டைக்குள்ளும் ஸ்ரீவராகத்திலும் வீடு வீடாகக் கொண்டு போனேன். சுலபமான மாவு என்று நினைக்க வேண்டாம். காய் ஒரு நாள் முற்றினால் இனிக்கும், இடிபடாது. ஒரு நாள் இளசாக இருந்தால் துவர்க்கும். வெயில் போதாவிட்டால் பூசணம் பூக்கும். தாய்மார்களுக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டிலேயே செய்கிறேன் என்று சொல்லி மொட்டை மாடியில் காயப்போட்டுக் காக்காய்க்குக் கொடுத்த தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில்தான் சீமையிலிருந்து டப்பா மாவு வந்தது. டப்பாவின் மேல் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படம். அந்தப் படத்தைப் பார்த்து இங்கே எத்தனை தகப்பன்களுக்குப் புத்தி கெட்டது! சேஷன் வீட்டுக்கு எதிர்வீடு நாகேஸ்வரன் வீடு. இருவருக்கும் ஒரே கச்சேரியில் உத்தியோகம், நாகேஸ்வரன் ஒரு படி மேலே. அவர் தன் பெண்குழந்தைக்கு டப்பா வாங்கினார். அடுத்த சம்பளத்தில் சேஷன் தன் பிள்ளைக்கு வாங்கினார். கடல் தாண்டிப் படிக்கப் போய்வந்த பையனை வீட்டுக்குள் சேர்க்கலாமா என்று கூட்டம் போட்டுப் பேசிய தெரு அது. கடல் தாண்டி வந்த மாவுக்கு ஒரு கூட்டமும் போடவில்லை. சேஷன் அந்த டப்பாவைக் கூடத்தில், சுவாமி படத்துக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தார். வருகிறவர்கள் கும்பிடும்போது அதையும் சேர்த்துக் கும்பிட்டார்கள்.

டப்பா விலை இரண்டரை ரூபாய். பத்து நாளில் காலி. சேஷனுக்குச் சம்பளம் முப்பது ரூபாய். இரண்டாவது டப்பா வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. முதல் டப்பா தீர்ந்தது என்றே அவருக்குத் தெரியாது. சமையலறை எந்தப் பக்கம் என்று சாப்பாட்டு வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கிற ஆசாமி.

அவர் மனைவி ஜெயலக்ஷ்மி என்னைக் கொல்லைப்பக்கமாகக் கூப்பிட்டாள்.

"முத்தாரம்மா, மெதுவா பேசு. மாசம் நாலு நாழி மாவு தரியா? பணம் அப்பறமா தரேன்."

"தாறேன் அம்மா. பாத்திரம் கொண்டு வாருங்க."

அவள் கொண்டு வந்தது அந்த டப்பா. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

நாழிக்கு ஏழு சக்கரம், எங்கள் ராஜ்யத்துச் செப்புக் காசு. மாதம் நாலு நாழிக்கு இருபத்தெட்டுச் சக்கரம், அதாவது ராஜ்யக் கணக்கில் ஒரு சர்க்கார் ரூபாய். ஏழு மாதம் கொடுத்தேன், ஒரு சக்கரம் வரவில்லை. வீட்டுச் செலவுக்குச் சேஷன் எண்ணிக் கொடுத்து எண்ணிக் கணக்குக் கேட்பார். மாவுக்கென்று பணம் கேட்டால் டப்பா விஷயம் வெளியே வரும். அதனால் ஜெயலக்ஷ்மி என்னிடம் ஒவ்வொரு மாதமும் "அடுத்த மாசம்" என்றாள்.

நான் ஏன் விட்டுப் பிடித்தேன் என்றால், அந்தப் பிள்ளை. தொடை மடிப்பு மடிப்பாக, பூசணிப்பிஞ்சு மாதிரி வளர்ந்தான். தெருவே பார்க்கும், என் மாவுக்குப் பேர் வரும் என்று நினைத்தேன். தெரு பார்த்தது. பார்த்துவிட்டு டப்பா வாங்கப் போனது! சேஷன் போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "எல்லாம் டப்பா மாவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் வாங்கிய பத்து வீடு மூன்று வீடாயிற்று. என் மாவு வளர்த்த பிள்ளையே என் பிழைப்பில் மண்ணைப் போட்டான். இன்னும் இரண்டு மாதம் இப்படிப் போயிருந்தால் நான் உரலைத் தூக்கிக்கொண்டு பூதப்பாண்டிக்கே நடந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் கொல்லைப்பக்கம் போய்க் கண்டிப்பாகக் கேட்டேன். ஜெயலக்ஷ்மி, "அடுத்த மாசம்" என்று ஆரம்பித்தாள். அப்போது வாசல் பக்கம் பெரிய சத்தம். நாகேஸ்வரனின் குரல். அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

ரேழியில் நாகேஸ்வரன், அவர் மனைவி வாலாம்பாள். வாலாம்பாளுக்குக் கண் சிவந்திருந்தது.

"சேஷா, கச்சேரில சொன்னியே, ஒரு டப்பா ஏழு மாசமா வரதுன்னு, அதை இவளண்ட சொல்லு" என்றார் நாகேஸ்வரன். "எங்காத்துல பத்து நாள் தாங்கல்லை. மாவை எங்கே கொண்டு கொட்டிக் களையறேன்னு கேட்டா அழறா."

"நானா களையறேன்? டப்பாவோட வந்த ஸ்பூனாலன்னா அளந்து போடறேன்!" என்றாள் வாலாம்பாள். "என் பொறந்தாத்துக்குக் கொடுத்து அனுப்பறேனாம். ஜெயா, நீ எப்படிடீ பண்றே? வாயைத் தொறந்து சொல்லேன்."

ஜெயலக்ஷ்மி கதவோரத்தில் நின்றாள். பதில் சொன்னவர் சேஷன்.

"அதுக்கு ஒரு சாமர்த்தியம் வேணும் மன்னி. எங்காத்துல ரெண்டு விரலால ஒரு நுள்ளுதான் எடுத்துப் போடுவா. சீமை மாவோல்லியோ, நுள்ளு போட்டா மதி, அதுவே போறும், பொங்கி வந்துடும்."

நான் படி ஏறி நின்றேன்.

"சாமி, அந்த நுள்ளுக்கு உண்டான பாக்கி ஏழு ரூபா. தந்தா நான் போயிருவேன்."

சேஷன் திரும்பினார். "கொல்லைப்பக்கம் வரவளுக்கு வாசல்ல என்ன காரியம்? எந்த பாக்கி?"

"மாவு பாக்கி. மாசம் நாலு நாழி, ஏழு மாசம்."

"எங்காத்துல டப்பா மாவாக்கும், கேட்டியா? உன் வாழைக்காயை எங்க குழந்தை தொட்டதில்லை."

ஜெயலக்ஷ்மி கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவள் இடுப்பில் இருந்தவனைப் பார்த்தேன். அந்தக் கன்னத்தை வேறு ஒருத்தன் டப்பாவுக்கு எழுதி வைக்க எனக்கு மனசில்லை.

"பிள்ளைக்க கன்னம் எனக்க மாவாக்கும் சாமி. நம்பிக்கை இல்லேன்னா டப்பாவைத் தொறந்து பாருங்க. சீமை மாவு வெள்ளையா இருக்கும். எனக்க மாவு சாம்பல் நெறம்."

சேஷன் அசையவில்லை. வாலாம்பாள் அசைந்தாள். விறுவிறு என்று கூடத்துக்குள் போய், பலகையில் இருந்த டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி, ஒரு விரல் மாவை நாக்கில் வைத்தாள்.

"ஏன்னா! இது வாழைக்காய்!" தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "கேட்டேளா? என்னைத் திருடின்னேளே! வாழைக்காய் போட்டாத்தான் டப்பா ஏழு மாசம் வரும்!"

நாகேஸ்வரன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சேஷா, கச்சேரில லக்ஷக் கணக்குக் கூட்டறே. ஒரு டப்பா ஏழு மாசம் தீரல்லையேன்னு உனக்குத் தோணவே இல்லையாடா?"

சேஷனுக்கு முகம் வேர்த்தது. "ஜெயா, என்ன இது?"

ஜெயலக்ஷ்மி உரக்கப் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "ரெண்டாவது டப்பா வாங்கிண்டு வந்தேளா? ஒண்ணு வாங்கிப் படத்துக்குக் கீழே வெச்சேள், அத்தோட சரி. அப்பறம் குழந்தைக்கு நான் என்னத்தைக் கொடுக்கறது, டப்பாவைக் கரைச்சா?"

பிள்ளை வாலாம்பாள் கையில் இருந்த டப்பாவைப் பார்த்துத் தாவினான். பசி வேளை.

"இவளுக்குக் கொடுத்துத் தொலைக்கறேன்" என்றார் சேஷன். "கொல்லைப்பக்கம் போய் நில்லு."

"வாசல்ல கேட்ட காசு சாமி. வாசல்லயே தாங்க."

அவர் பெட்டியைத் திறக்க உள்ளே போன சமயம், வாலாம்பாள் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "முத்தாரம்மா, நாளைலேர்ந்து எங்காத்துக்கும் நாலு நாழி. கொல்லைப்பக்கமா வா. டப்பா காலியாத்தான் இருக்கு."

பெற்றவர்களின் லட்சணம் இவ்வளவுதான். பிள்ளை வயிற்றுக்கு ஒன்று, ஊர் கண்ணுக்கு ஒன்று. பிற்பாடு யுத்தத்தில் கப்பல் வராமல் டப்பா நின்றபோது, திருவனந்தபுரத்துப் பெரிய பங்களாக்களின் மோட்டார்கள் என் கடை வாசலில் வரிசையாக நின்றன. சில வீட்டு வேலைக்காரர்கள் காலி டப்பாவோடு வந்தார்கள். நான் நிரப்பிக் கொடுத்தேன். இப்போது மறுபடி டப்பா வருகிறது, அதையும் விற்கிறேன். கேட்கிற மடையனுக்கு இல்லை என்று சொல்ல நான் யார்?

அன்றைக்கு வாலாம்பாளிடம், "வருவேன் அம்மா, வாசல் வழியா" என்றேன். அவள் யோசித்தாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, வா" என்றாள்.

சேஷன் பணத்தோடு வந்தார். நான் வலது கையை விரித்தேன். என் கையில் படாமல் உயரத்திலிருந்து போடுவதுதான் அவர்கள் வழக்கம். அப்படியே பிரிட்டிஷ் ரூபாயாக ஆறு போட்டார். ஏழாவதை எடுத்தவர் நிறுத்தினார். கண்ணை மூடி உதட்டை அசைத்தார். ஏழு மாதமாக ஒரு டப்பா தீராததைக் கண்டுபிடிக்காத மனுஷனுக்கு இப்போது கணக்கு பளிச்சென்று வந்தது.

"உன் கணக்கு சர்க்கார் ரூபா, இருபத்தெட்டுச் சக்கரம். நான் போட்டது பிரிட்டிஷ் ரூபா, ஒவ்வொண்ணும் இருபத்தெட்டரை. ஆறுக்கு மூணு சக்கரம் உங்கிட்ட ஜாஸ்தியா வந்தாச்சு. பாக்கி இருபத்தஞ்சு சக்கரம்தான்."

"சரியாச் சொன்னீங்க சாமி" என்றேன். "எண்ணிப் போடுங்க."

விரித்த கையை நான் மடக்கவில்லை. வாசலில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த வெள்ளி ரூபாய்களின் மேல் செப்புச் சக்கரத்தை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, இருபத்தைந்து வரைக்கும் போட்டார்.