சிவப்புத் தோல் கட்டிய கேபிள்

எங்கள் சபையின் சவுண்ட் மிக்சரில் முதல் சேனலுக்குப் போகிற கேபிளின் நுனியில் ஒரு சிவப்புத் தோல் துண்டு கட்டியிருக்கும். ஆம்பூரில் நான் வேலை செய்த ஷூ கம்பெனியில் வெட்டி மிச்சமானது. ரிதம் பேடுக்குப் பழுப்பு, பேஸ் கிட்டாருக்குக் கறுப்பு, கீபோர்டுக்குச் சிவப்பு என்று அடையாளம் கட்டியவன் நான். சிவப்பைத் தேடி எடுத்தவள் என் மனைவி. கீபோர்டு வாசித்தவள் அவள்தான்.

ஞாயிறு ஆராதனைக்கு இருவரும் முன்னதாகவே போய்விடுவோம். எல்லா வாத்தியத்தையும் மிக்சரில் சொருகி, சத்தத்தை ஏற்றி இறக்கும் கட்டைகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில்தான் போடுவேன். முடிந்ததும் அதைத்தான் முதலில் அணைப்பேன். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கர் தொப்பென்று இடிக்கும். முன்வரிசைப் பெரியவர்கள் ஜெபத்தின் நடுவிலேயே கண்ணைத் திறந்துவிடுவார்கள். பாட்டு தொடங்கினால் அவள் மேடையில், நான் பின்சுவரோரம், நடுவில் மொத்த சபையும். அங்கிருந்தே என்னைப் பார்த்து ஒரு விரலைக் கீழே காட்டுவாள். தன் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாள். "ஜனங்க பாடறது கேக்கணும்ங்க. நான் இன்னா கச்சேரியா பண்றேன்?" என்பாள். "வீட்லயும் உன் சத்தத்த கம்மி பண்ண ஒரு கட்ட இருந்தா நல்லாருக்கும்" என்பேன். "அதுக்குத்தான் கர்த்தர் உங்களுக்குக் காத மந்தமா குடுத்துருக்காரு" என்று சிரிப்பாள். அவள் விரல் காட்டி ஓயும் அளவில், முதல் சேனல் கட்டைக்குப் பக்கத்தில், ஷூ ஓரத்துக்குப் பூசும் வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஏற்றியதேயில்லை.

அவளைக் கர்த்தர் அழைத்துக்கொண்ட பிறகு கீபோர்டு வாசிக்க ஒரு பெண் வந்தாள், வேலூரில் நர்ஸ். அவள் கொண்டுவந்த கேபிளை நான்காவது சேனலில் சொருகினேன். "மொத சேனல் காலியாத்தானே இருக்கு அண்ணா?" என்றாள். "அது இருக்கட்டும்மா" என்றேன். மறுபடி அவள் கேட்கவில்லை. ஒரே தட்டு, ஒரே டம்ளர் என்று ஆகிப்போன வீட்டில் என் மனைவியின் இடம் என்று எதுவும் மிச்சமில்லை. அந்தக் காலிச் சேனலில்தான் அவள் உட்கார்ந்திருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

போன அறுப்பின் பண்டிகைக்கு அணைக்கட்டு ஊர்ச் சபையிலிருந்து பாடகர் குழு வந்தது. அவர்களுடைய மைக்குகளுக்கு நான்காவதையும் கொடுக்க வேண்டியதாயிற்று. "பரவால்ல அண்ணா, இன்னிக்கு நான் வாசிக்கல" என்று அந்தப் பெண் தன் கேபிளைச் சுற்றத் தொடங்கினாள். பண்டிகை நாளில் கீபோர்டு சும்மா கிடப்பதை என் மனைவி பொறுப்பாளா? தனியாகச் சுற்றி வைத்திருந்த சிவப்புத் தோல் கேபிளை எடுத்து நீட்டினேன். "இத சொருவும்மா."

பாட்டு தொடங்கியது. முதல் கட்டையை வெள்ளைப் புள்ளியில் நிறுத்தினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து விரலை மேலே காட்டினாள். புள்ளியைத் தாண்டி ஏற்றினேன். நன்றாகத்தான் வாசித்தாள், சபையும் வாய்விட்டுப் பாடியது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன பின் ஆம்ப்ளிஃபயரை முதலில் அணைத்தேன். ஒவ்வொரு கட்டையாக இறக்கி வந்தேன். முதல் கட்டை வெள்ளைப் புள்ளிக்கு வந்ததும் கை தானாக நின்றது. மேடையைப் பார்த்தேன். கீழே காட்ட அங்கே யாருமில்லை. நானே முழுவதும் இறக்கினேன். சிவப்புத் தோல் கேபிளைச் சுற்றி, மற்ற கேபிள்களோடு பெட்டியில் வைத்தேன்.