பகலில் தூங்கும் அப்பா

மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் ஜம்புலிங்கம் வீட்டுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கமிருந்து ‘நூறு’ சொல்லலாம். அந்தச் சுவர் வழியே மூன்று வருஷமாக ஒரு பிள்ளையின் மழலை எனக்குக் கேட்டதில்லை.

ஜம்புவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரம் அடிக்கும் கம்பெனியில் வேலை, எப்போதும் நைட் ஷிப்ட். தூக்கக் கலக்கத்தில் பக்கத்து மெஷின்காரனுக்கு இரண்டு விரல் போனதைக் கண்ணால் பார்த்தவன். பகலில் அவன் தூங்கியே ஆகவேண்டும் என்ற பயம் அவன் பெண்டாட்டி ராதிகாவுக்கு. ஒரே அறை வீடு, எங்கே போவாள்? மகள் பவ்யா சிணுங்கினாலே வாயில் நிப்பிளைச் செருகிவிடுவாள். பாலும் வராது, தண்ணியும் வராது, வெறும் ரப்பர். வீட்டில் டிவி ஓடாது. பேச்சுகூடச் சைகையில்தான்.

“இன்னாடி இது, புள்ள வாய்க்குப் பூட்டு போட்டு வச்சிக்கீற?” என்று கத்துவேன்.

“மெதுவா பேசுக்கா, அவரு தூங்கினு கீறாரு” என்பாள்.

மூன்று வயது முடிந்தும் பவ்யா வாயில் ஒரு வார்த்தை இல்லை. கையை நீட்டும், ‘ங்... ங்...’ என்னும், அவ்வளவுதான். ஆவடியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் கூட்டிப்போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். காதில் குறையில்லை. அந்தம்மா பிள்ளையின் வாயைத் திறந்து காட்டினார். முன்பற்கள் மேலும் கீழும் சேரவே இல்லை, நடுவில் இருந்த சந்தில் நாக்கு வந்து நின்றது.

“நிப்பிள் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா நாள் பூரா வாய் அடைச்சிருந்தா குழந்தை எப்போ பேசிப் பழகும்? வீட்ல யாரும் பேசலேன்னா எதைக் கேட்டுக் கத்துக்கும்? இதை நிறுத்திட்டு, நல்லா வாய்விட்டுப் பேசுங்க.”

“பேசிடுமா மேடம்?” என்றான் ஜம்பு.

“முயற்சி பண்ணுவோம்” என்றார். அந்தப் பதில் அவனை அரித்தெடுத்தது.

நிப்பிளைத் தூக்கி எறிந்தார்கள். பிள்ளை அழுது அடங்கிவிட்டது. ஜம்புவுக்குத்தான் தூக்கம் போயிற்று.

“கண்ண மூடுனா சப்புற சத்தம் கேக்குதுக்கா” என்றான் என்னிடம். “அதான் தூக்கிப் போட்டாச்சே, எங்கேந்து வருது? மெஷின் ஓடுற சத்தத்துலகூட கேக்குது.”

“அட பைத்தியக்காரா, போய் பகல் ஷிப்ட் கேளுடா” என்று திட்டி அனுப்பினேன். கெஞ்சிக் கூத்தாடி வாங்கினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து போட்டு மகளை மடியில் வைத்துக்கொண்டான். காக்கா, பஸ், வாழைப்பழம் என்று என்னென்னவோ பேசினான். நானும் ராதிகாவும் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

“அப்பா சொல்லும்மா. அப்பா!”

பவ்யா அவனையே பார்த்தது. மெல்ல மடியிலிருந்து இறங்கி, கதவைத் தள்ளி ஒருக்களித்துச் சாத்தியது. தலையணையை இழுத்து வந்து போட்டது. அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளிப் படுக்கவைத்தது. பிறகு பூப்போலத் தட்டிக்கொண்டே வாயைத் திறந்தது.

“தூங்கு.”

நாக்கு பல்சந்தில் இடறியது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

“பேசிட்டாக்கா! எம் பொண்ணு பேசிட்டா!” ராதிகா கீரையை வீசிவிட்டு உள்ளே ஓடினாள். ஜம்பு எழுந்திருக்கவில்லை. மகள் சொன்னபடியே கண்ணை மூடிக் கிடந்தான், காதோரம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ராதிகா சத்தம் போடப் போட, பவ்யா அவனை இன்னும் வேகமாகத் தட்டியது.