பச்சைப் பாதியில் ஒரு கோலி

எங்கள் தென்காசி வீட்டின் முன்சுவரில் யாரும் சாய்ந்து நிற்பதில்லை. தாத்தா அதைக் கட்டும்போது, ஈரச் சிமெண்டின் மேல் பொடிக் கூழாங்கற்களை அள்ளி வீசி அடிக்கச் சொன்னாராம். அந்தக் காலத்தில் அது பெரிய நாகரிகம். சாய்ந்தால் முதுகு சிராய்க்கும். பந்தை எறிந்தால் எந்தப் பக்கம் திரும்பி வரும் என்று சுவருக்கே தெரியாது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் சாரல் எங்கள் தெரு வரைக்கும் வரும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பாசி பிடித்துச் சுவரே கறுத்துப்போகும்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அந்தப் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பெயிண்ட் அடித்தார்கள். பாதிக்குப் பச்சை, பாதிக்கு மஞ்சள். அப்பாவும் பெரியப்பாவும் வீட்டைப் பாகம் பிரித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிணற்று மோட்டார் யாருக்கு என்பதில் தொடங்கிய பேச்சு, பேச்சே இல்லாமல் முடிந்திருந்தது. ஒரே நிறமாக அடித்திருக்கலாம்தான். ஆனால் என்ன நிறம் என்று கேட்பதற்கும் யாராவது ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமே.

சாரம் மட்டும் ஒருமுறை கட்டினால் போதும் என்பதில் இருவருக்கும் பேசாமலே ஒற்றுமை. அதனால் பண்பொழியிலிருந்து ஒரே பெயிண்டர் வந்தார். அவருடைய வேலை பெயிண்ட் அடிப்பது மட்டுமல்ல என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பெரியப்பா பத்தடி தள்ளி நிற்பார். அவருக்கு நன்றாகக் கேட்கும்படி அப்பா பெயிண்டரிடம், மஞ்சள் நம்ம பக்கம் வழியுது, அவங்ககிட்ட சொல்லிருங்க என்பார். பெரியப்பா அதைக் கேட்டுக்கொண்டே, என்ன சொல்லுதான் என்று பெயிண்டரை விசாரிப்பார். அவரும் பொறுமையாக ஒருமுறை திருப்பிச் சொல்வார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியப்பாவுக்குக் காது கேட்காமல் போய்விட்டதா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னை வாய்ப்பாடு எழுத உட்கார வைத்தாள்.

நடுக்கோடு போட்டது பெரிய கூத்து. நீலப்பொடி தடவிய நூலை மேலிருந்து கீழே இழுத்துப் பிடித்துச் சுண்டினால் மற்ற சுவர்களில் நேராக ஒரு கோடு விழும். இந்தச் சுவரில் துருத்திக்கொண்டிருந்த கற்களின் மூக்கில் மட்டும் நீலம் ஒட்டியது. எந்தக் கல் யாருடையது என்று இருவரும் பெயிண்டர் வழியாகவே வாதாடினார்கள். கடைசியில் அவர் சின்ன பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு கல்லாகச் சுற்றி வந்ததில், கோடு மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து இறங்கியது. அதற்கே ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

அப்பா எனக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்திருந்தார். அந்தச் சுவரில் ரோலர் கல்லின் மேலே ஓடிவிடும், இடுக்கில் பெயிண்ட் ஏறாது. பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஏற்றினாலும் அங்கங்கே விட்டுப்போகும். விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. பள்ளிவிட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு, மூக்கு சிராய்க்காத குறையாகச் சுவரைத் தேடுவேன். பெயிண்டர் என்னை இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் எரிச்சல். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த பெரியப்பா, சாயங்காலமானால் தெருவில் நின்று எங்கள் பச்சைப் பாதியையே பார்த்துக்கொண்டிருப்பார். தன்னுடைய மஞ்சளைப் பார்க்கவே மாட்டார். அவருடைய கல் எதையாவது நாங்கள் களவாண்டுவிட்டோமா என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள், என் நெஞ்சு உயரத்தில், எங்கள் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கோலி பதிந்திருப்பது தெரிந்தது. உள்ளே நீலமாக ஒரு இழை. சுற்றிலும் பச்சை கச்சிதமாக ஏறியிருக்க, அது மட்டும் பளபளவென்று விடப்பட்டிருந்தது. இப்படிக் கண்ணில் குத்துகிற இடத்தை எப்படி விட்டார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பெயிண்டர் அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நானே டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை முக்கி, இரண்டு தடவை நன்றாக அப்பினேன்.

சற்று நேரத்தில் பெரியப்பா தெருவில் வந்து நின்றார். பார்த்தார். பிறகு, இரண்டு வருடமாகத் தொடாத எங்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்து, வீட்டுக்குள் இருந்த அப்பாவை நோக்கிக் கத்தினார்.

"ஏலே, அந்தக் கோலி உன்னை என்னலே செஞ்சுது?"

அப்பா துண்டோடு வெளியே வந்தார். பழக்கதோஷத்தில் பெயிண்டரைத் தேடினார். அவர் இல்லை.

"நான் அழிக்கலண்ணே. அதை மட்டும் தொடாதீங்கன்னு மொத நாளே பெயிண்டர்ட்ட சொல்லிட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் என் பச்சைக் கைகளைப் பார்த்தார்கள். நான் கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். ஆனால் யாரும் என்னை அடிக்கவில்லை. அப்பா துண்டை நனைத்துக்கொண்டு வந்து துடைக்க, பெரியப்பா ஓர் ஆணியால் ஓரத்தைச் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே சண்டை. சுவர் கட்டியபோது ஈரச் சிமெண்டில் அந்தக் கோலியை அமுக்கியது பெரியப்பாவாம். அதற்காகத் தாத்தாவிடம் அடி வாங்கியதும் அவர்தானாம். கோலி யாருடையது, என் டவுசர் பையிலிருந்து எடுத்ததுதானே என்று அப்பா கத்தினார். அடி வாங்கினவனுக்குத்தான் கோலி என்று பெரியப்பா அதற்கு மேல் கத்தினார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். "என்னாலதாம்மா. ரெண்டு பேரும் சண்டை போடுதாங்க" என்று அழுதேன்.

அம்மா அடுப்பின் முன்னால் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது. "போடட்டும்ட்டி" என்றாள். காய்ந்துகொண்டிருந்த பாலில் இன்னும் ஒரு டம்ளர் பாலை ஊற்றினாள். பெரியப்பாவுக்குச் சீனி கம்மி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெளியே இப்படி ஒரு சண்டை நடக்கும்போது இவள் காப்பிக்குச் சீனி அளக்கிறாளே என்று கோபம்கூட வந்தது. பச்சைக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, பூஜை அலமாரி முன்னால் போய்க் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். சாமி, எப்படியாவது அவங்க ரெண்டு பேரும் பேசுறதை நிறுத்திரணும் என்று வேண்டிக்கொண்டேன். பச்சைப் பக்கம், மஞ்சள் பக்கம் இரண்டிலும் சேர்த்து, அந்த வீட்டில் அப்படி வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருந்திருப்பேன்.