ரிஃப்காவின் கொட்டில் சுவர்

ரிஃப்கா அக்காவைப் பற்றி எங்கள் தெருவில் கேட்டால், "அந்தப் பன்னிக்காரியா?" என்பார்கள். சொல்கிறவர்களின் வாயைப் பார்! முகத்தம் மலையடியில் பன்றி உறுமாத கீழ்த்தளம் எந்த வீட்டில் இருக்கிறது? கெய்ரோ தின்று எறிந்ததை நாங்கள் பிரிக்கிறோம். அழுகினது பன்றிக்குப் போகிறது. அவளுக்கு மட்டும் அந்தப் பெயர் வந்தது, பேச வேறு ஆளில்லாமல் பன்றியோடு பேசுவதால்.

பிள்ளை இல்லை. கணவர் ரிஸ்கல்லா போய்ச் சேர்ந்து ஐந்து வருடம். வீட்டின் கீழ்த்தளத்தில் கொட்டில் கட்டிய அன்று அவர் ஒரு பன்றியை அறுத்து, கண் படாமலிருக்க ரத்தத்தில் கையை முக்கிச் சுவரில் பதித்தார். எல்லோரும் செய்வதுதான். எங்கள் வீட்டுச் சுவரில் அதெல்லாம் தேய்ந்து போயிற்று. அவளோ அவர் போனபின் அந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஈற்றும் தங்கவில்லை. குட்டிகள் ஒரு வாரம் துள்ளும். பிறகு மஞ்சளாகக் கழிந்து, வற்றிச் சாகும். மிஞ்சியது ஒரே ஒரு சினைப்பன்றி. இந்த ஈற்றும் போனால் கொட்டிலில் பிளாஸ்டிக் அரைக்கும் மெஷின் வைப்பேன் என்று மைத்துனர் லபீப் சொல்லிவிட்டார்.

மாட்டு டாக்டர் நஸீஃப் செத்த குட்டியின் கழிச்சலைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"கண்ணுக்குத் தெரியாத கிருமி அக்கா. குட்டியோட குடலை அரிச்சிடுது. அதோட விதை தரையிலயும் சுவர்லயும் கிடக்கு. பிறக்கிற குட்டி நக்குது, சாகுது. பினாயிலுக்கெல்லாம் மசியாது. கொதிக்கிற தண்ணி ஊத்தித் தேய்ச்சு, சுண்ணாம்பு அடிங்க."

"தரையைத் தேய்க்கிறேன்."

"சுவரையும்தான். பன்னி உரசுற உயரம் வரைக்கும்."

ரிஸ்கல்லா பதித்த அந்தக் கை அதே உயரத்தில்தான் இருந்தது.

மறுநாள் அவள் தண்ணீர் கொதிக்கவைத்தாள். பானையோடு சுவர் முன்னால் நின்றாள். ஆறிப்போனது. மறுபடி கொதிக்கவைத்தாள். அதுவும் ஆறியது. பிறகு வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஹெலானா, வாடி. இவளை மேல ஏத்தணும்."

பன்றியைத் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தாள். அவள் முன்னால் தக்காளியைக் காட்டிக்கொண்டு ஏற, நான் பின்னால் தள்ள, மலை மாதிரி இருந்த அந்தச் சினைப்பன்றி மாடிப்படி ஏறியது. எங்கே? அவள் படுக்கை அறைக்கு! கட்டில் கீழே வந்தது, கொட்டிலுக்கு.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாக்கா?"

"அந்த அறையில கிருமி இல்லையே. என்னைத் தவிர யாரு இருந்தா அங்க?"

நஸீஃப் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "குட்டிக்கு வர்றது உங்களுக்கு வராது. ஆனா பெரிய பன்னி வயித்துல வேற ஒரு கிருமி சத்தமில்லாம இருக்கும். அது மனுஷனுக்கு வந்தா ரத்தமா போகும். இங்கயா படுப்பீங்க?"

"வரட்டும் தம்பி. இந்த வீட்டுக்கு ஏதாவது வரட்டுமே."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

குட்டிகள் பிறந்தன. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது, ஒன்றுகூடக் கழியவில்லை. லபீப் மெஷின் பேச்சை விட்டார்.

ஒருநாள் காலை அவரைக்குழம்பு கொண்டுபோனேன். மாடியில் குட்டிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. கீழே அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், உள்ளங்கையை அந்தக் கைமேல் வைத்தபடி.

"கேட்டீங்களா? அத்தனையும் ஓடுது," என்றாள்.

நான் வந்தது அவளுக்குத் தெரியாது.