பாலத்துக்கு அந்தப் பக்கம்

விஜயலெட்சுமிக்குத் தேயிலைத் தோட்டத்தில் இன்னொரு பெயர் உண்டு. பாலம். போன வருடம் அப்புத்தளைப் பக்கம் நடந்த காட்டு ஓட்டப் போட்டியில் இரும்புப் பாலம் வரை ஓடிவிட்டு, கால் பிடித்துக்கொண்டதால் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதோடு விட்டார்களா? மறுநாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மாடசாமி கங்காணி, "பாலம் வந்தாச்சா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். ஆனால் ஒரு வருடமாக அதே பெயர், அதே சிரிப்பு என்றால் யாருக்குத்தான் அலுத்துப்போகாது? நாற்பது தாண்டியவள் இந்த முறையும் ஓட வந்தது அதற்காகத்தான். பாலத்தைத் தாண்டி, ஓடி முடித்துவிட வேண்டும்.

நாளோ விடியும்போதே சரியில்லை. மழை விட்டபாடில்லை. முதல் ஏற்றத்திலேயே வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் அட்டைகள் வரிசையாகக் காலில் ஏறின. எல்ல ஊரில் ஹோட்டல் வேலை செய்யும் மகள் தனுஜா கொடுத்த சப்பாத்து வேறு ஒரு அளவு சின்னது. முன்னால் போனவர்கள் எப்போதோ மறைந்துவிட்டார்கள். பின்னால் வந்தவர் றினாஸ் மட்டும்தான். கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து, வழிகாட்டக் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே வருவது அவருடைய பொறுப்பு. நீதான் கடைசி என்பதை இதைவிடப் பச்சையாக யாரும் சொல்ல முடியாது.

காட்டு வளைவில் முனியாண்டி இருந்தார். ஒரு கல், அதைச் சுற்றி ஒரு சிவப்புத் துணி. தோட்டத்து ஆட்கள் யாரும் காலில் செருப்போடு அந்த இடத்தைக் கடப்பதில்லை. வெளியூர்க்காரர்கள் பார்க்காமலே ஓடியிருப்பார்கள். தெரியாதவர்களைச் சாமி மன்னிக்கும். தெரிந்தவளை மன்னிக்குமா? அவள் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாள்.

"அக்கா, நேரம் போகுது," என்றார் றினாஸ்.

"சாமிங்க தம்பி. இந்தா வந்துட்டேன்."

கும்பிட்டுவிட்டுத் திரும்பிக் காலை விட்டால், சப்பாத்துக்குள் போக மறுத்தது. ஈரத்தில் ஊறி, அடிபட்டு, இரண்டு பாதமும் ரொட்டிபோல் உப்பிக் கிடந்தன. கழற்றாமல் இருந்திருந்தால் அப்படியே ஓடியிருக்கலாம். அவளுக்கு அழுகை வந்தது. சாமி மேல் கோபமும் வந்தது. "ஒன்ன கும்புட்டதுக்கு இதுதானா?" என்று வாய்விட்டே கேட்டாள். பிறகு சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். கொஞ்சம் ஓடுவதும் கொஞ்சம் நொண்டுவதுமாக, எதற்கு வந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

பாலத்தடியில் அதே வேன் நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே காய்ந்த சீட்டும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் இருந்தன. அவளுக்கு ஏறிவிடத்தான் ஆசை. சத்தியமாக ஆசை.

"ஏறினா தப்பில்லக்கா," என்றார் றினாஸ். "எப்படியும் நேரத்துக்குப் போய்ச் சேர ஏலாது."

அவள் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு சப்பாத்து இரண்டையும் சீட்டில் வைத்தாள்.

"இது ரெண்டும் வேன்ல வரட்டும்," என்றாள். "நான் நடந்தே வாறேன்."

அவள் போய்ச் சேர்ந்தபோது வரவேற்பு வளைவைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பதக்கம் இல்லை, கைதட்டல் இல்லை. நேரம் முடிந்துவிட்டதால் முடித்தவர்களில் அவளைச் சேர்க்க மாட்டார்களாம். மைக் பெட்டியைப் பூட்டிக்கொண்டே ஒரு பெண் சொன்னாள். சந்தோஷப்படவோ சண்டை பிடிக்கவோ விஜயலெட்சுமிக்குத் தெம்பில்லை. ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பாத்தேன்கா. முடிச்சிட்டீங்க," என்றார் றினாஸ், கை நிறைய ரிப்பன்களோடு.

மறுநாள் காலில் துணி சுற்றிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்தார்.

"பாலம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"பாலம், காது கேக்கலையா?"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கங்காணியைப் பார்த்தபடியே நின்றாள். கங்காணியின் கண் அவள் கால் துணிக்கு இறங்கியது.

"விஜயலெட்சுமி," என்றார்.

"வந்திருக்கேங்க."