தலை எண்ணியவர்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் மூன்று ஆணிகளில் மூன்று பித்தளை டோக்கன்கள் தொங்குகின்றன. கீழே இருக்கும் தொட்டியில் இரண்டு மீன்கள்தான். தங்கச் சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் எண் பொறித்த டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். ஷிஃப்ட் முடிந்தும் பலகையில் ஒரு டோக்கன் தங்கினால், ஒருவன் கீழேயே இருக்கிறான் என்று பொருள். என் அண்ணன் பல வருடம் கீழே பாறை துளைத்து, கடைசியில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் கூண்டின் வாசலில் தலை எண்ணும் வேலைக்கு வந்தவர். சுரங்கத்தை மூடியபோது இந்த மூன்று டோக்கன்களைக் கையோடு கொண்டுவந்தார்.

நுரையீரலில் தூசி படிந்து வீட்டோடு ஆன பிறகு, ஆண்டர்சன்பேட்டைக் கடையில் விரல் நீள மீன்குஞ்சுகள் மூன்று வாங்கினார். ஒரு அரோவானா, ஒரு ஆஸ்கர், ஒரு ரெட்டெயில் கெளுத்தி. மூன்றுமே உயிருள்ளதை விழுங்கி வளரும் சாதி. ஆறடித் தொட்டி முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டது. "ஒண்ண ஒண்ணு துன்னுடாதாண்ணா?" என்று கேட்டேன்.

"ஒரே கேஜ்ல எறங்கனவன் கூட வந்தவன உட்டுட்டு ஏறுவானா? சின்னதுலேர்ந்து ஒண்ணா வளந்தா ஒண்ணும் ஆவாதுடா."

மீனுக்கு ஒன்றாக டோக்கன்களை மாட்டினார். தினமும் சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டு எண்ணுவார். மூணு, கணக்கு சரி.

இரண்டு வருடத்தில் கெளுத்தி ஒரு முழத்தைத் தாண்டியது. கோழி ஈரலைப் போட்டால் மேலே அரோவானா பிடுங்கும். தப்பி விழுவது அடியில் கெளுத்தியின் வாய்க்குப் போகும். நடுவில் நின்ற ஆஸ்கருக்கு என்ன மிஞ்சியது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை இரண்டோடு நின்றது. கெளுத்தியின் வயிறு ஒரு பக்கம் புடைத்திருந்தது. ஆஸ்கர் அத்தனை மெலிந்திருக்காவிட்டால் அந்த வாய்க்குள் நுழைந்திருக்காது. அண்ணன் ஒரு டோக்கனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தலய எண்ணனேன்டா. ஒடம்ப பாக்கல" என்றார்.

மீனைப் பற்றிய பேச்சு என்றுதான் நினைத்தேன். நான் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் எட்டு மணிக்குத் திரும்புகிறவன். கதவைத் தள்ளினால் நாற்காலியில் அண்ணன் இருப்பார். "இன்னாண்ணா?" என்பேன். "வாடா" என்பார். அதோடு சரி. என் மனைவி இரண்டு முறை சொன்னாள்: "மாமாவுக்கு சோறே எறங்கலிங்க. கறிய எல்லாம் மீனுக்குப் போட்டுர்றாரு. சட்ட தொங்குது, பாருங்க." உட்கார்ந்துதானே இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்றேன். ஞாயிறுகள் வந்தன. நான் தூங்கினேன்.

மாசி மாதம் அவரை ஆட்டோவுக்குத் தூக்கிப் போனபோதுதான் என் கைகளுக்கு விஷயம் தெரிந்தது. பள்ளிக்கூடம் போகும் என் மகளின் கனம்கூட அவர் இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். எனக்கு அழுகைக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது, இன்னும் அது போகவில்லை. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த அவர் சட்டையின் பையில் அந்த டோக்கன் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அண்ணனின் எண்.

கொண்டுவந்து பழைய ஆணியிலேயே மாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டியையும் சுவரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு மீன் தான கீது, டோக்கன் மூணு மாட்டிக்கினுகிறீங்க?" என்று கேட்பார்கள்.

"ஒரு ஆளு இன்னும் மேல வரல" என்பேன்.